அத்தானின் வலது கால்

பட்டறைக்கு யார் வந்தாலும் அவன் முதலில் முகத்தைப் பார்க்கமாட்டான், காலைத்தான் பார்ப்பான். செருப்பு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, நிற்கும்போது எந்தக் காலில் பாரம் போகிறது, உட்கார்ந்து எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார்களா என்று கண்ணாலேயே அளந்துவிட்டுத்தான் "வாங்க" என்று வாயைத் திறப்பான். பட்டறை முதலாளி அவனுக்குக் குதிகால் என்று பெயர் வைத்துவிட்டார். வாடிக்கைக்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அக்கா ஒருத்திதான் அவனைத் தம்பி என்று கூப்பிடுவாள்.

பெட்ரோல் பங்குக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட நீளமான பட்டறை அது. க்ரூசர் பைக்குகள் மட்டும்தான் அங்கே வரும். சீட் தாழ்ந்து, ஹேண்டில்பார் அகன்று, எருமை மாதிரி உறுமுகிற பெரிய வண்டிகள். எஞ்சினை முதலாளி பார்த்துக்கொள்வார். கால் வைக்கிற இடம் குதிகாலின் பொறுப்பு. இடது காலுக்குக் கியர், வலது காலுக்குப் பிரேக், இரண்டு பக்கமும் பாதத்தைத் தாங்க ஃபுட்ரெஸ்ட். இவற்றை முழங்காலுக்கு நேர் கீழே பொருத்தினால் நடு செட். எஞ்சினைத் தாண்டி முன்னால் கொண்டுபோய், கால் இரண்டும் நீண்டு கிடக்கும்படி பொருத்தினால் முன் செட். யாருக்கு எது பொருந்தும் என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் அவன் தலைமயிர் நரைத்தது.

"முன் செட்டுதான் வேணும்ணே. ராஜா மாதிரி சாஞ்சுக்கிட்டு போகணும்" என்று ஒரு கல்யாண போட்டோகிராபர் வந்து நின்றான். குள்ளமான, குண்டான மனிதன்.

"ராஜாவுக்கு முதுகு போச்சுன்னா பல்லக்கு தூக்க நாலு பேர் இருப்பாங்க. உங்களுக்கு யார் இருக்கா?" என்றான் குதிகால். "காலை முன்னால நீட்டிட்டா உடம்பு பாரம் மொத்தமும் வால் எலும்புல போய் உட்காரும். பள்ளம் வந்தா காலை ஊனி கொஞ்சம் எழும்ப முடியாது. குத்து நேரா முதுகுலதான் விழும்."

"போட்டோவுல நல்லா இருக்கும்ணே."

"இருக்கும். எக்ஸ்ரேயும் போட்டோதான்."

போட்டோகிராபர் சிரித்துக்கொண்டே நடு செட்டுக்கு ஒத்துக்கொண்டான்.

அவன் வேலைக்கு ஒரு முறை இருந்தது. வண்டியை அசையாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, பழைய ஃபுட்ரெஸ்ட்டைக் கழற்றி, இரண்டு பக்கமும் ஒரு பலகையைக் கட்டுவான். வண்டிக்காரரின் செருப்படியில் சுண்ணாம்புத் தூளைத் தடவுவான். "கண்ணை மூடுங்க. கால் எங்க போகணும்னு ஆசைப்படுதோ அங்க வைங்க" என்பான். பலகையில் வெள்ளைத் தடம் விழும். "கண்ணைத் திறந்து வச்சா மனசு வைக்கும். மூடிட்டு வச்சாதான் கால் வைக்கும்" என்பது அவன் கட்சி. செட்டைப் பொருத்திய பிறகும் விடமாட்டான். மறுபடி கண்ணை மூடச் சொல்லி, பெட்ரோல் டேங்கில் விரலால் தட்டுவான். தட்டின மறுநொடி வலது கால் பிரேக்கை அமுக்க வேண்டும். கால் தடவித் தேடினால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான். இந்தச் சோதனையில் தேறாத வண்டி பட்டறையை விட்டு வெளியே போனதில்லை. ஒரே ஒரு வண்டியைத் தவிர. அது அவனுடைய சொந்த அத்தானின் வண்டி.

அந்த அத்தான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவன் அரைக்கால் சட்டை போட்ட பையன். அக்கா ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போட்டு அவனை வளர்த்தாள். அவள் முன்கையில் இருந்த சூட்டுத் தழும்புகளைத் தடவிக்கொண்டேதான் அவன் தூங்குவான். அவளைப் பெண் கேட்டு பஸ் டிரைவர் ஒருவர் வந்தபோது, "என் தம்பியும் என்கூடவே வருவான். சம்மதம்னா சொல்லுங்க" என்றாள். "இவ்வளவுதானா? டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துல எப்பவும் ஒரு இடம் காலியாத்தான் இருக்கு" என்றார் அந்த மனிதர். சொன்னபடியே செய்தார். பள்ளிக்கூட விடுமுறைகளில் பஸ்ஸின் முன்பக்கம் எஞ்சின் பெட்டி மேல் உட்கார்ந்து அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தவன்தான், பின்னால் ஊரார் காலையெல்லாம் பார்க்கக் கற்றான். அவர் பிரேக் போட்டால் தூங்குகிற குழந்தை கூட விழிக்காது. அவனுக்கு அவர் அத்தான் மட்டுமில்லை. அவர் எதிரில் அவன் உட்கார்ந்து பேசியதில்லை. ஒரு சொல் எதிர்த்துச் சொன்னதில்லை.

அத்தானுக்கும் அக்காவுக்கும் பிள்ளை இல்லை. ஓய்வு பெற இன்னும் காலம் இருக்கும்போதே அத்தான் திடீரென்று வேலையை விட்டார். "முதுகு வலி" என்றார். கையோடு ஒரு க்ரூசர் பைக்கை வாங்கி வீட்டு முன்னால் நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை வரை போய்வருவார். இந்த வயதில் இவர்களுக்கு இது தேவையா என்று தெருவில் முணுமுணுத்தார்கள். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் முகத்தில் கல்யாணத்தன்று பார்த்த களை திரும்ப வந்திருந்தது.

ஒருநாள் முற்பகலில் அத்தான் பட்டறைக்கு வந்தார். வாசலில் கதவு ஓடுவதற்காக ஒரு இரும்புத் தண்டவாளம் பதித்திருக்கும். அதைத் தாண்டி அவர் உள்ளே வந்தபோது வலது செருப்பு வெளியிலேயே நின்றுவிட்டது. அவர் பாட்டுக்கு ஒற்றைச் செருப்போடு நடந்து வந்தார்.

"அத்தான், உங்க செருப்பு வாசல்ல காவலுக்கு நிக்குது" என்றான் குதிகால்.

அத்தான் குனிந்து பார்த்தார். ஒரு நொடி அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு சிரித்துவிட்டார்.

"வயசாயிட்டா செருப்பு கூட நம்மகூட வர மாட்டேங்குது மாப்ளே. உங்கக்கா ஒருத்திதான் விடாம ஒட்டிக்கிட்டு வர்றா."

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். குதிகாலும் சிரித்தான். அன்று சிரித்ததை நினைத்து அவன் எத்தனை முறை தன் வாயில் அடித்துக்கொண்டான் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

"வண்டிக்கு முன் செட் மாட்டிடு" என்றார் அத்தான்.

"வேணாம் அத்தான். முதுகு வலின்னுதானே வேலையை விட்டீங்க? முன் செட் உங்க முதுகை உண்டு இல்லைன்னு ஆக்கிடும். உங்க உயரத்துக்கு நடு செட்டுதான் சுகம்."

"முதுகு என்னோடது. நான் பார்த்துக்கறேன்."

"சரி, ஏறி உட்காருங்க. கண்ணை மூடிட்டு..."

அத்தான் முகம் இறுகியது. "முப்பது வருஷமா ஊரையே ஏத்திக்கிட்டு பிரேக் மிதிச்சவன்டா நான். என்கிட்டயே கண்ணாமூச்சி ஆடறியா? இந்த விளையாட்டெல்லாம் வர்ற போறவன்கிட்ட வச்சுக்க."

வேறு யாராவது இப்படிப் பேசியிருந்தால், சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள் என்று சொல்லியிருப்பான். அத்தானிடம் எந்த வாயால் சொல்வது? பலகையை மடக்கிச் சுவரில் சாய்த்தான். அத்தான் கண்ணைத் திறந்தபடியே, குனிந்து பார்த்துப் பார்த்துக் காலை வைத்தார். "இன்னும் முன்னால. நல்லாத் தெரியட்டும்" என்றார். தெரியட்டும் என்ற அந்தச் சொல் அப்போதே அவன் காதில் உறைத்திருக்க வேண்டும். செட்டைப் பொருத்தி முடித்ததும் டேங்கில் தட்ட ஒரு விரல் எழுந்தது. அதையும் மடக்கிக்கொண்டான். வண்டி போய்விட்டது.

கொஞ்ச நாள் கழித்து அக்கா வீட்டுக்குப் போனான். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து டிவியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். "வா மாப்ளே, நம்ம ஆளுங்க கோல் போஸ்ட்டைத் தவிர எல்லா இடத்துலயும் அடிக்கறானுங்க" என்றார். வெள்ளைத் தரையில் குளியலறையிலிருந்து நாற்காலி வரைக்கும் ஒழுங்கான இடைவெளியில் சிவப்புப் பொட்டுகள். குதிகாலின் கண் வழக்கம்போல் காலுக்குப் போனது. அத்தானின் வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே, ஒரு பெரிய குண்டூசி கொண்டை வரைக்கும் ஏறியிருந்தது. ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அத்தான் அந்தக் காலை ஆட்டிக்கொண்டே ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் நாற்காலியை நோக்கி ஒரு எட்டு வைத்தான். வாய் திறப்பதற்குள் அக்கா ஈரத்துணியோடு வந்தாள். தம்பியைப் பார்த்து, பேசாதே என்று கண்ணால் சொன்னாள். காலைத் துடைக்கிற சாக்கில் குனிந்து, ஊசியைப் பிடுங்கித் துணிக்குள் மறைத்து, மருந்தைத் தடவினாள். "என்னடி?" என்றார் அத்தான். "ஒண்ணுமில்லை, அழுக்கு" என்றாள். அவள் கைப்பழக்கத்தைப் பார்த்தால் இது முதல் தடவை இல்லை என்பது தெரிந்தது.

சமையலறையில் அவன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எவ்வளவு நாளாக்கா?"

"ரெண்டு வருஷமா. சர்க்கரை. முழங்காலுக்குக் கீழ அவருக்கு ஒண்ணுமே தெரியாது தம்பி. வெந்நீர்ல காலை வச்சா தோல் உரிஞ்சப்புறம்தான் பார்க்கறார். இடது கால் இன்னும் கொஞ்சம் பரவாயில்லை. வலதுதான்."

"முதுகு வலின்னு..."

"எல்லாம் பொய். ஒருநாள் பஸ் ஓட்டும்போது கால் பிரேக் மேல இருக்கா இல்லையான்னே அவருக்குத் தெரியலையாம். ஓரமா நிறுத்திட்டு வந்து, என் மடியில படுத்துக் குழந்தை மாதிரி அழுதார். அன்னைக்கே எழுதிக் குடுத்துட்டார். யார் உசுருக்கும் எதுவும் ஆகறதுக்கு முன்னாடியே இறங்கிட்டார்டா உங்க அத்தான்."

"அப்புறம் பைக்கு எதுக்கு?"

"அதையும் பிடுங்கிட்டா அவர் மனுஷனா இருக்கமாட்டார் தம்பி." அவள் துணியிலிருந்து ஊசியை எடுத்து மேடையில் வைத்தாள். "கால் கீழ இருந்தா தெரியலை. முன்னால நீட்டி வச்சா கண்ணால பார்த்துக்கலாமாம். பிரேக் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை குனிஞ்சு பார்த்துப்பார். நானும் பின்னாடி உட்கார்ந்து அவர் தோள் மேல எட்டிப் பார்த்துக்கிட்டே வருவேன். கால் சரியா இருந்தா வலது தோள்ல ஒரு தட்டு தட்டுவேன். அவர் அமுக்குவார்."

குதிகால் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டான். ஊரார் காலையெல்லாம் கண்ணை மூடவைத்துச் சோதித்தவன், கண்ணைத் திறந்தால்தான் கால் இருக்கிறது என்று தெரிகிற ஒரு மனிதருக்குத் தன் கையாலேயே பிரேக்கை முன்னால் நகர்த்திக் கொடுத்திருக்கிறான். அந்த வண்டியின் பின்சீட்டில் உட்கார்வது அவன் அக்கா.

"நீ இனிமே அதுல ஏறாதேக்கா."

"நான் ஏறலைன்னா அவர் காலை யார் பார்ப்பா?"

வேலை தெரிந்த அவன் மூளை தானாக ஓடியது. முன்சக்கர பிரேக் ஏற்கெனவே வலது கையில் இருக்கிறது. பின்சக்கர பிரேக்கையும் காலிலிருந்து எடுத்து, ஹேண்டில்பாரின் இடது பக்கம் கிளட்சுக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடியாக மாற்றிவிடலாம். வலது காலுக்கு வேலையே இருக்காது. அதற்கு வேண்டிய சாமான் வெளியூரிலிருந்து வரவேண்டும். சொல்லி வைத்தால் திங்கட்கிழமைக்குள் வந்துவிடும்.

"செஞ்சு குடுடா தம்பி. ஆனா உனக்குத் தெரியும்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதே. உன் எதிர்ல தலை குனிஞ்சு நிக்கணும்னா அவர் செத்தே போயிடுவார்."

அவன் கூடத்துக்கு வந்து, நின்றபடியே ஒரு பொய்யைச் சொன்னான். "அத்தான், முன் செட்ல ஒரு வெல்டிங் சரியா பிடிக்கலைன்னு சந்தேகமா இருக்கு. திங்கட்கிழமை பட்டறையில வச்சுப் பார்க்கணும். அதுவரைக்கும் வண்டியை எடுக்காதீங்க. நானே வந்து ஓட்டிட்டுப் போறேன்."

"நீ எதுக்கு வேலையை விட்டுட்டு வர்ற? என் வண்டியை நான் கொண்டு வர்றேன். உங்கக்காவும் பட்டறையைப் பார்த்து நாளாச்சு."

வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. போகும்போது அவன் கை அதுவரைக்கும் போனது. ஒரு இழுப்பு இழுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்திருக்கலாம். அத்தான் வீட்டில், அத்தான் கண் எதிரில், அத்தான் சாவியை எப்படி எடுப்பது? கை திரும்பிவிட்டது. மரியாதை தெரிந்த கை அது. பாழாய்ப்போன கை.

திங்கட்கிழமை காலையில் சாமான் வந்து சேர்ந்தது. அதைப் பிரித்து மேசை மேல் அடுக்கிவைத்துவிட்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தான். பட்டறை ஒரு சரிவின் அடியில் இருந்தது. மேட்டிலிருந்து இறங்கிவரும் சாலை பெட்ரோல் பங்குக்கு எதிரில் ஒரு சிக்னலில் வந்து நிற்கும். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தகரத்தின் மேல் முதல் துளிகள் விழுந்தபோது அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. மழை பிடித்துக் கொட்ட ஆரம்பித்ததும்தான் அத்தானின் ரெயின்கோட் நினைவுக்கு வந்தது. அவர் டிரைவராக இருந்தபோது பஸ் டிப்போவில் கொடுத்தது. கணுக்கால் வரைக்கும் தொங்கும். காலை நீட்டி உட்கார்ந்தால் முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும் போர்வை மாதிரி மூடிவிடும்.

போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மழையில் இறங்கிச் சாலைக்கு ஓடினான்.

மேட்டில் அந்த வண்டி வந்துகொண்டிருந்தது. கீழே சிக்னலில் சிவப்பு விழுந்து ஒரு லாரி நின்றது. அத்தான் தலையைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். அக்கா அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, ஒரு கையை முன்னால் நீட்டி, கோட்டை விலக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று அதைத் திரும்பத் திரும்பக் காலோடு ஒட்டவைத்தது. குதிகால் அந்தத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டான். ஆயுசு முழுக்கக் காலையே பார்த்த கண் அல்லவா? ஈரக் கோட்டில் பதிந்த உருவமே சொன்னது, அந்தக் கால் பிரேக் பெடலில் இல்லை. நழுவிக் கீழே வந்து, வெறும் ஃபுட்ரெஸ்ட்டைப் பலம் கொண்ட மட்டும் அமுக்கிக்கொண்டிருந்தது.

"கை பிரேக்கு அத்தான்... கை பிரேக்கைப் பிடிங்க!"

மழை அவன் குரலை விழுங்கிவிட்டது. முப்பது வருடம் காலாலேயே நிறுத்திய மனிதருக்குக் கை கடைசி நொடியில்தான் நினைவுக்கு வந்தது. ஈரச் சரிவில் முன்சக்கரத்தை மட்டும் இறுக்கினால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. வண்டி சாய்ந்தது. அக்கா லாரியின் பின்பக்கம் வரைக்கும் வழுக்கிக்கொண்டு போனாள்.

அவன் ஓடிப்போய் அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டபோது அவள் கண் திறந்திருந்தது. "அவர் கால்..." என்றாள். அதோடு சரி. கடைசி மூச்சில் கூட அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் அந்த மகராசி.

அவன் நிமிர்ந்தான். அத்தான் அவர்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். வலது பாதம் கணுக்காலில் முறிந்து பக்கவாட்டில் மடங்கியிருந்தது. எலும்பு வெளியே தெரிந்தது. அதன் மேலேயே ஊன்றி ஊன்றி வந்தார். வலி இல்லை. அவருக்குத் தெரியவே தெரியாது. "என்னாச்சு மாப்ளே, ஏன் எழுந்திரிக்க மாட்டேங்கறா?" என்று கேட்டுக்கொண்டே, ரத்தத்தில் தடம் வைத்து நடந்து வந்தார். சிக்னலில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எடுத்த மறுநாள், கூரையைப் பார்த்துக்கொண்டே அத்தான் பேசினார்.

"பெடல் மேலதான் கால் இருக்குன்னு நினைச்சேன் மாப்ளே. எனக்கு ரொம்ப நாளாவே அந்தக் கால்..."

"தெரியும் அத்தான். அக்கா சொல்லுச்சு. வெல்டிங்னு சொன்னது பொய். பிரேக்கைக் கைக்கு மாத்தத்தான் வரச்சொன்னேன்."

அத்தான் மெல்லத் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாதேடா. உனக்குத் தெரியக்கூடாதுன்னுதானே நானே ஓட்டிட்டு வந்தேன். தெரிஞ்சிருந்தா சாவியை உன் கையில குடுத்திருப்பேனே."

குதிகால் அந்தக் கட்டிலின் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். அத்தானும் அழுதார். ஒருவர் மானத்தை ஒருவர் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து, நடுவில் இருந்தவளைத் தொலைத்துவிட்டார்கள்.

இப்போது அத்தான் குதிகாலின் வீட்டில் இருக்கிறார். முன்னறையில் ஒரு சக்கர நாற்காலி. அதன் கால்தாங்கியை அவனே வெட்டி, பற்றவைத்து, ஒற்றைக் காலுக்கு ஏற்றபடி தாழ்த்திக் கொடுத்திருக்கிறான். பட்டறையில் அவன் பேச்சு குறைந்துவிட்டது. ராஜா, பல்லக்கு, எக்ஸ்ரே எதுவும் இல்லை. முதலாளியின் மாமனார் ஒரு வண்டியோடு வந்தபோது, "கண்ணை மூடுங்க" என்று அவரையும் விடவில்லை. அவர் முறைத்தார். "மூடினாத்தான் வண்டியைத் தொடுவேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

காலையில் வேலைக்குப் போகுமுன் அத்தானின் மிச்சமிருக்கிற, இப்போது அதுவும் மரத்துப்போக ஆரம்பித்திருக்கிற இடது காலைக் கழுவித் துடைப்பான். விரல் இடுக்குகளைப் பிரித்துப் பார்ப்பான். அடிப்பாதத்துக்குக் கண்ணாடி வைத்துப் பார்ப்பான். அக்கா செய்ததைப் போலவே. ஆனால் அவளைப் போல எதையும் துணிக்குள் மறைப்பதில்லை.

நேற்றுக் காலை அவன் துணியை எடுத்ததும் அத்தான் தாமாகவே கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"அன்னைக்கு நீ சொன்னப்ப மூடலை. இப்ப மூடிக்கிட்டேன் மாப்ளே. எங்கயாவது தொடு. நான் சொல்றேன்."

அவன் பாதத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான். குதிகாலில் விரலை வைத்து அழுத்தினான். அத்தானின் மூடிய இமைகள் துடித்தன. தேடினார். இருட்டில் சாவியைத் துழாவுகிற மாதிரி தேடினார்.

"கட்டைவிரல்" என்றார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் அந்த முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வரும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது அந்தச் சொல்.

"இல்லை அத்தான்" என்றான். "குதிகால்."

அத்தான் கண்ணைத் திறக்கவில்லை. கன்னத்தில் வழிந்ததையும் துடைத்துக்கொள்ளவில்லை.

"சரி. இன்னொரு தடவை தொடு" என்றார்.